மலர்ச்சாலை அனுசரணையில் ஒரு இரத்ததான முகாம்

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். ஒரு பனர் அடிச்சு, கொண்டுபோய்ச் சந்தியிலை கட்டிறது.

உதிலை என்ன கஷ்டம் எண்டு கேப்பியள். நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.

முதல்லை விசயத்தைச் சொல்லுறன். இணுவிலிலை எங்கடை ஒழுங்கைச் சனசமூக நிலையத்துக்கு நான்தான் செயலாளர். செயலாளர் எண்டவுடனை பெரிசா நினைக்காதேங்கோ. நான் கூட்டத்துக்குப் போகாத ஒருநாள் பாத்து என்னைத் தெரிவு செய்துபோட்டினம். மண்டபத்துத் திறப்பை வைச்சிருக்கிறது, பேப்பர் அடுக்கிறது, கூட்ட அறிக்கை எழுதிறது, உதுகள்தான் வேலை. ஆனா ஒரு வேலையை மட்டும் நானாக் கேட்டு எடுத்தனான். வருசாவருசம் வைக்கிற இரத்ததான முகாம்.

அதுக்கொரு காரணம் இருக்கு. எங்கடை சின்னவள் பிறக்கேக்கை எனக்கு இரத்தம் நிக்காமல் ஓடினது. அண்டைக்கு மூண்டு பை ஏத்தித்தான் என்னைக் காப்பாத்தினவை. ஆர் குடுத்த இரத்தம் எண்டு இண்டைவரைக்கும் தெரியாது. எங்கையோ ஒரு முகாமிலை கையை நீட்டிக் குடுத்திட்டு, ஒரு பிளேன்ரீயைக் குடிச்சிட்டுப் போன ஆரோ மூண்டு பேர். இவரைக் கேட்டால், அந்த மூண்டு பேரிலை ஒராள் கட்டாயம் பெரிய வாய்க்காரராத்தான் இருந்திருக்கவேணும் எண்டு சொல்லுவார்.

இவர் எண்டது என்ரை மனுசன். தபாற்கந்தோரிலை வேலை. கதைக்கிறது குறைவு, கதைச்சால் உப்பிடித்தான்.

போன வருசம் முகாமுக்கு வந்தது பதினொரு பேர். அதிலை ரண்டு பேர் பிஸ்கற்றுக்கு வந்தவை. இந்தமுறை இரத்த வங்கி டொக்டர் புதனே போன் எடுத்து, நல்ல மரியாதையாத்தான் சொன்னா. வாகனம், தாதியள், கட்டில் எல்லாம் கொண்டு வாறதெண்டால் முப்பது பேராவது வேணுமாம். குறைஞ்சால் இனி உங்கடை இடத்துக்கு வாறது கஷ்டம் எண்டா.

முப்பது. அந்த மூண்டு பைக்கு நான் செய்யிறது இந்த ஒரு வேலைதான். அதுவும் நிண்டால் நான் என்ன மனுசி?

வடிவா ஒரு பனர் அடிச்சுச் சந்தியிலை கட்டினால் சனம் வரும் எண்டு முடிவெடுத்தன். பனருக்கும் பந்தலுக்கும் அனுசரணை வேணுமெல்லே. வெளிக்கிட்டன்.

புடவைக் கடைக்காரர் ஓமெண்டார், ஆனா பனரிலை கூறைச்சீலை கட்டின பொம்பிளை ஒண்டு வரவேணுமாம். இரத்தம் குடுக்கிறதுக்கும் கூறைக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்டன். சிவப்புத்தானே எண்டார். ரியூற்றரிக்காரர், தன்னட்டைப் படிச்சுப் பாஸ் பண்ணின பிள்ளையளின்ரை படம் எல்லாம் போட்டால் காசு தாறனெண்டார். கூல்பார் முதலாளி சிரிச்சுக்கொண்டே ஐஸ்கிறீம் தந்து அனுப்பிவிட்டார்.

கடைசியிலை ஒரே ஒரு மனுசன்தான் கேட்டவுடனை ஓமெண்டவர். செல்வம் அண்ணை.

செல்வம் அண்ணை நல்ல மனுசன். பந்தல், கதிரை, காத்துக்குப் பான், தண்ணி எல்லாம் தன்ரை பொறுப்பு எண்டு சொல்லிப்போட்டார். அந்தாளின்ரை பந்தலும் கதிரையும் எப்பவும் தயாரா இருக்கும். ஏனெண்டால் அவர் வைச்சிருக்கிறது மலர்ச்சாலை. சவப்பெட்டி விக்கிறவர்.

எனக்கு ஒரு மாதிரித்தான் கிடந்தது. சாவிலை சீவிக்கிறவரிட்டை உயிர் காக்கிற விசயத்துக்கு வாங்கிறது சரியோ எண்டு சாடைமாடையாக் கேட்டன். மனுசன் கோவிக்கேல்லை.

"தங்கச்சி, எல்லாரும் ஒருநாளைக்கு என்னட்டை வாற ஆக்கள்தானே. நான் ஒருத்தரையும் அவசரப்படுத்திறேல்லை."

சரி அண்ணை எண்டிட்டு வெளிக்கிட்டன்.

அவர் முதல்லை கேட்டது பனரின்ரை அடியிலை ஒரு வரி. சரியெண்டன். பின்னேரம் போன் எடுத்து, வரியைக் கொஞ்சம் பெருப்பிச்சால் நல்லம் எண்டார். பந்தல் தாற மனுசனுக்கு எப்பிடி மாட்டனெண்டிறது? அடுத்தநாள் காலமை, இருபத்துநாலு மணிநேர சேவை எண்டும் போடச் சொன்னார். பானும் தாறார்தானே. மத்தியானம், குளிர்பெட்டி, பிரேதம் ஏத்திற பூரதம், பாண்ட் வாத்தியம் எல்லாத்தையும் சின்னனா ஒரு மூலையிலை போட்டால் சனத்துக்கு உதவும் எண்டார். சனத்துக்கு உதவுமாம். அதுக்கும் தலையாட்டினன், பழரசம் நூறு பைக்கற் தாறனெண்டபடியால்.

இதிலை இன்னொரு கள்ளத்தனமும் நடந்தது. அதை மறைக்கக்கூடாது.

பனர் அடிக்கிற தம்பி, "அக்கா, உங்கடை படம் போடுவமோ?" எண்டு கேட்டான். எங்கடை ஊரிலை படமில்லாத பனர் எது? நான் முதல்லை வேண்டாம் எண்டன். பேந்து இன்னும் ஒருக்காக் கேட்பான் எண்டு பாத்தன். கேட்கேல்லை. நானே போனைத் திறந்து, மச்சாள்டை மகளின்ரை சாமத்தியவீட்டிலை எடுத்த படத்தை அனுப்பினன். மயில் பச்சைச் சீலை, அட்டியல், தலை நிறையப் பூ. செயலாளர் எண்டால் ஒரு களை வேண்டாமோ?

சனிக்கிழமை மத்தியானம் பனர் வந்தது. விரிச்சுப் பாத்தன். நடுவிலை நான். வட்டத்துக்குள்ளை, சுத்திவரப் பூ, பக்கத்திலை ஒரு குத்துவிளக்கு. எனக்கென்னவோ நல்ல வடிவாத்தான் தெரிஞ்சது. கீழை என்ரை பேர். அதுக்குக் கீழை ஞாயிறு காலை ஒன்பது மணி, சனசமூக நிலைய மண்டபம், அனைவரும் கலந்துகொள்ளவும். அதுக்கும் கீழை பனரின்ரை அரைவாசிக்குச் செல்வம் அண்ணையின்ரை மலர்ச்சாலை, போன் நம்பரோடை.

உச்சியிலை, ஒரு சாண் இடத்திலை, இரத்ததான முகாம் எண்டு கிடந்தது. அனுசரணை எண்ட சொல்லையும் அதுக்குப் பக்கத்திலைதான் நெருக்கி விட்டிருந்தான். வேறை இடமில்லை எண்டான்.

சந்தியிலை லைட் கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையிலை கட்டினம். ஊரிலை ஆரும் செத்தால் கண்ணீர் அஞ்சலி கட்டிற இடமும் அதுதான். இவர் ஏணியிலை நிண்டு கயித்தை முடிஞ்சுபோட்டு, இறங்கி வந்து, பின்னாலை ரண்டடி போய் நிண்டு பாத்தார்.

"எனக்கு அழுகை வருது," எண்டார்.

வாயைப் பொத்திக்கொண்டு ஏணியைத் தூக்குங்கோ எண்டன்.

பின்னேரம் நல்ல காத்து. ஒரு சின்னத் தூறலும் விழுந்தது. நான் வீட்டிலை இருந்து நாளைக்கு ஆரார் வருவினம் எண்டு பேர் எழுதிக்கொண்டிருந்தன். பன்னிரண்டு பேருக்கு மேலை எழுத முடியேல்லை.

ஞாயிறு விடிய இவற்றை போன் அடிச்சுது. கனடாவிலை இருக்கிற மச்சாள், இவற்றை தங்கச்சி. போனை எடுத்தவுடனை ஒப்பாரி. எங்கடை அண்ணியைப் பறிகுடுத்திட்டமே அண்ணை எண்டு கதறுறா. இவர் ஆறுதலா, அண்ணி குசினியிலை புட்டு அவிக்கிறா எண்டார். மச்சாளுக்கு அழுகை இன்னும் கூடிச்சுது. பாவம், அண்ணைக்கு மூளை கலங்கிட்டுது எண்டு அங்காலை ஆருக்கோ சொல்லிறது எனக்கே கேட்டது.

நான் குசினிக்குள்ளை இருந்து, ஆரப்பா போனிலை எண்டு சத்தம் வைச்சன். மச்சாள் சட்டெண்டு அழுகையை நிப்பாட்டினா.

"அண்ணை, வீட்டுக்கை ஆற்றை பொம்பிளைக் குரல் உது? இண்டைக்கேயோ?"

நான் போனைப் பறிச்சு, உயிரோடை இருக்கிறன் எண்டதை எனக்குத் தெரிஞ்ச நல்ல சொல்லுகளாலை விளங்கப்படுத்தினன். உடனை நம்பினா. அந்தச் சொல்லுகளை வேறை ஆரும் அப்பிடிச் சொல்லமாட்டினமாம்.

பேந்துதான் விசயம் வெளிச்சது. காத்துக்குப் பனரின்ரை மேல் கயிறு ரண்டும் இளகி, மேல் ஒரு சாணும் மடிஞ்சு பின்னாலை விழுந்திட்டுது. இரத்ததான முகாம் போச்சு. அனுசரணையும் போச்சு. மிச்சம் கிடந்தது என்ன? பூவட்டத்துக்குள்ளை நான், குத்துவிளக்கு, நாள், நேரம், இடம், மலர்ச்சாலை. அதை ஆரோ புண்ணியவான் படம் எடுத்து முகநூலிலை போட்டு, "இளவயதில் இப்படியா?" எண்டு எழுதியிருந்தார். கீழை இருநூறுக்கு மேலை இரங்கல். முப்பத்தெட்டு வயசு இளவயது எண்டதிலை ஒரு சின்னச் சந்தோசம், பொய் சொல்லக்கூடாது.

என்னோடை படிச்ச யசோதா, "கோபமே அறியாத என் அன்புத் தோழி" எண்டு எழுதியிருந்தாள். அவள் என்னோடை கதைச்சு ஆறு வருசம். இவர் அதை ரண்டுதரம் சத்தமா வாசிச்சுச் சிரிச்சார்.

எனக்குச் சிரிப்பு வரேல்லை. செத்தவீடு எண்டு நினைச்சால் இரத்தம் குடுக்க ஆர் வரப்போகினம்? முப்பதும் இல்லை, பதினொண்டும் இல்லை. இவரைப் பனரைச் சரிக்கட்ட அனுப்பிப்போட்டு, மண்டபத்துக்கு ஓடினன்.

எட்டரைக்கு இரத்த வங்கி வாகனம் வந்தது. கட்டில் நாலையும் விரிச்சு, ஊசியளை அடுக்கி, எல்லாம் தயார். டொக்டர் என்னைப் பாத்தா. நான் படலையைப் பாத்தன். ஒரு காக்காயும் இல்லை.

ஒன்பது மணிக்குச் சனம் வரத் துவங்கிச்சுது. சும்மா இல்லை, ஒழுங்கை நிறைய. ஆனா எல்லாரும் வெள்ளை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சீலை, ரண்டு மலர்வளையம், ஒரு மாலை. செயலாளராம், அதாலை உடலை மண்டபத்திலை அஞ்சலிக்கு வைக்கினமாக்கும் எண்டு வந்திருக்கினம்.

முன்னுக்கு வந்தவர் இவற்றை தபாலதிபர். நான் பழரசப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலிலை நிக்கிறன். மனுசன் என்னைப் பாத்தார். கையிலை இருந்த மாலையைப் பாத்தார். என்ன செய்யிறதெண்டு தெரியாமல் மாலையை என்னட்டையே நீட்டினார். நானும் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் தாங்யூ எண்டு வாங்கினன்.

அவருக்குப் பின்னாலை வந்த யசோதா என்னைக் கண்டவுடனை அப்பிடியே சரிஞ்சாள். கட்டிலிலை முதல் கிடந்தது அவள்தான். டொக்டர் பிறசர் பாத்து, உவவிட்டை இரத்தம் எடுக்கேலாது எண்டு எழுதினா. அவள் கண் முழிச்சு என்னைப் பாத்து, "செத்திருந்தால் மன்னிச்சிருப்பன்" எண்டாள். நான் ஒரு பழரசம் குடுத்தன்.

இதெல்லாம் காணாததுக்குப் பூரதமும் வந்தது.

ஆரோ பனரிலை கிடந்த நம்பருக்கு அடிச்சு, எத்தினை மணிக்கு எடுக்கினம் எண்டு கேட்டிருக்கினம். மலர்ச்சாலையிலை நிண்டவர் ஓடர் எண்டு நினைச்சு வாகனத்தை அனுப்பிப்போட்டார். பூரதம் நேரா வந்து இரத்த வங்கி வாகனத்துக்குப் பக்கத்திலை நிண்டுது. டொக்டர் ஊசியும் கையுமா வெளியிலை வந்தா.

"உது ஏன் இஞ்சை நிக்குது?"

"அனுசரணை, டொக்டர்."

அந்த டொக்டர்ப் பிள்ளை என்னைப் பாத்த பார்வையை நான் மறக்கமாட்டன். ஊசிக்குப் பயந்து வாற சனத்துக்குப் பக்கத்திலை பிரேத வண்டியைக் கொண்டந்து விட்டிருக்கிறியள், இதுக்கு மேலை நான் எப்பிடி முகாம் நடத்திறது எண்டு கேட்டா. கேட்டது நியாயம்தான். கட்டிலை மடிக்கச் சொல்லித் தாதிக்குக் கண் காட்டினதையும் கண்டன்.

அதுக்கிடையிலை சனத்துக்குக் கோவம் வந்திட்டுது. பெற்றோல் அடிச்சு உடுவிலிலை இருந்து வந்தனாங்கள் எண்டு ஒருத்தர். இது ஆளைச் சேக்கிற தந்திரம் எண்டு இன்னொருத்தர். கண்ணாடி போட்ட ஒரு மனுசன், எனக்கு முன்பின் தெரியாது, செல்வம் அண்ணையைக் காட்டி, உயிர் காக்கிற விசயத்திலை உந்தக் கடை விளம்பரம் என்னத்துக்கு எண்டு கேட்டார். செல்வம் அண்ணை பந்தல் காலோடை ஒட்டிக்கொண்டு நிண்டார். பாவமாக் கிடந்தது.

ஒரு பிளாஸ்ரிக் கதிரையிலை ஏறினன். கையிலை தபாலதிபற்றை மாலை.

"அந்தாளைப் பேசாதேங்கோ. அவர் போடச் சொன்னது தன்ரை கடையை. என்ரை மூஞ்சையைப் போட்டது நான்தான். எங்கள் ரண்டு பேருக்கும் இடம் குடுத்ததிலை இரத்தத்துக்கு ஒரு சாண்தான் மிஞ்சினது. அதுவும் காத்தோடை போட்டுது. பிழை என்னிலை."

சனம் கொஞ்சம் அடங்கிச்சுது. நான் நிப்பாட்டியிருக்கலாம். ஆனா வாய் நிக்கேல்லை.

"நீங்கள் வந்தது என்ரை செத்தவீட்டுக்கு. அது பதினொரு வருசத்துக்கு முதலே நடந்திருக்கவேண்டியது. ஆரோ மூண்டு பேர் இரத்தம் குடுத்தபடியால்தான் நடக்கேல்லை. அவையின்ரை பேர் தெரியாது, முகம் தெரியாது. அவை பனரிலை படம் போடேல்லை."

அதோடை எனக்கு அழுகை வந்திட்டுது. கதிரையிலை நிண்டு, மாலையும் கையுமா, தேம்பித் தேம்பி அழுதன். என்ரை செத்தவீட்டிலை அழுதது நான் ஒருத்திதான்.

கண்ணாடி போட்ட மனுசன் சேட்டுக் கையை மடிச்சுக்கொண்டு முன்னுக்கு வந்தார். டொக்டர் வழமையாக் கேக்கிறதைக் கேட்டா, காலமை சாப்பிட்டனீங்களோ எண்டு. போன வருசம் வந்தவையிலை நாலு பேர் வெறும் வயித்தோடை வந்து திரும்பிப் போனவை.

"பிள்ளை, செத்தவீட்டுக்கு ஆர் சாப்பிடாமல் வாறது?" எண்டார் அவர்.

உண்மைதானே. செத்தவீட்டிலை பிரேதம் எடுக்குமட்டும் அடுப்பு மூட்டாயினம். அதாலை எங்கடை சனம் வீட்டிலை வயிறுமுட்டத் திண்டிட்டுத்தான் வெளிக்கிடும். வந்து நிண்ட அத்தினை பேரும் இடியப்பமும் சம்பலும் புட்டுமா நல்ல நிறைவா நிண்டவை. டொக்டர் தன்ரை உத்தியோகத்திலை இப்பிடிச் சாப்பிட்டு வந்த சனத்தைக் காணேல்லையாம்.

தபாலதிபர் குடுத்தார். உடுவில்காரர் பெற்றோலைப் பற்றிக் கதைச்சுக் கதைச்சே குடுத்தார். பூரதம் ஓட்டி வந்தவரும் குடுத்தார். கடைசியிலை செல்வம் அண்ணை வந்தார், முகம் வெளிறிப்போய். அந்தாளுக்கு ஊசிக்குப் பயமாம். பிரேதங்களுக்கு ஊசி ஏத்திற மனுசன். அவை ஒண்டும் சொல்லாயினம்தானே தங்கச்சி எண்டு சொல்லிப்போட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என்ரை கையைப் பிடிச்சவர், பை நிறையும்மட்டும் விடேல்லை.

மொத்தம் நாப்பத்தொரு பேர்.

டொக்டர் போகேக்கை, வாற வருசமும் வருவம் எண்டா. வாகனத்திலை ஏறிப்போட்டுத் திரும்பவும் இறங்கி வந்து, பூரதம் மட்டும் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் போனா.

இனிமேல் பனரிலை சிவப்பு எழுத்திலை இரத்ததான முகாம் எண்டு மட்டும் போடுறது, கடைப்பேரும் மூஞ்சையும் கிட்டவும் வரக்கூடாது எண்டு கூட்ட அறிக்கையிலை எழுதி, நானே கையெழுத்தும் வைச்சிட்டன். செல்வம் அண்ணையும் சம்மதம். பேரில்லாமலே பந்தல் தாறனெண்டார். சனத்துக்கு என்ரை நம்பர் இப்ப வடிவாத் தெரியும்தானே எண்டார்.

திங்கக்கிழமை பனர் அடிக்கிற தம்பியிட்டைப் போய், அந்த டிசைனை இப்பவே என்ரை கண்ணுக்கு முன்னாலை அழி எண்டன்.

"கிடக்கட்டும் அக்கா," எண்டான். "எப்பவோ ஒருநாளைக்குத் தேவைப்படும், மேல் வரியை மட்டும் மாத்தினாக் காணும்."